அம்மாவின் அலுமாரியில் பிரிக்கப்படாத மண்ணிறப் பம்ப்

பெரும்போக அறுவடை நாட்களில் மட்டக்களப்பு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குள் நுழைந்தால் காற்றே கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். வட்டைக்குள் அறுவடை மெசின்கள் ஓடும். பதரும் தூசியும் வீதிவரை வரும். பின்னேரமானால் வைக்கோல் எரியும் புகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஊருக்கு அது விளைச்சல் காலம். எங்கள் வீட்டில் அது அம்மாவுக்கு முட்டு வரும் காலம்.

இந்த முறை மாசி மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் வெற்றிலை வட்டாவுக்குப் பக்கத்தில் வழமைபோல நீல நிறப் பம்ப் இருந்தது. சாறி ஒன்றை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். மடித்து வைத்த சாறிகளுக்கு அடியில் மண்ணிறப் பம்ப் மூன்று பெட்டிகள். கிளினிக்கில் கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏனம்மா இத அடிக்கல்ல?" என்று கேட்டேன்.

"அது ஸ்டீரொயிட் மகள். உடம்புல இரிக்கிற எதிர்ப்புச் சத்தியக் கொறச்சிப் போடுமாம். நீலத்த அடிச்சா அஞ்சு நிமிசத்துல சொகம். இத அடிச்சா ஒண்டும் தெரியல்ல. மறுகா எதுக்கு அடிக்கிற?"

அம்மா சொன்னது இரண்டு காரணங்கள். ஒன்று, இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். மற்றது, இதனால் சுகம் தெரியவில்லை. இரண்டுக்கும் அந்த நேரத்தில் என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. நான் ஊடகக் கற்கை படித்தவள், மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் அம்மாவின் கேள்வி எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் இருக்கும் கேள்வி என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பதில் தேடியபோது அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது?

அம்மாவின் பயம் அறியாமை அல்ல. அது அவர் கண்ணால் கண்டது.

என்னுடைய பெத்தாவுக்கும் முட்டு இருந்தது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் மண்முனைத் துறையில் பாலம் இல்லை. பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாவியைக் கடக்கப் பாதையில்தான் ஏற வேண்டும். இரவில் பாதை ஓடாது. வவுணதீவுப் பக்கத்தால் சுற்றிப் போவதென்றால் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். முட்டோ பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும். பெத்தா திண்ணையில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்பட்டை ஏறி இறங்க, விடியும்வரை இருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஓர் இரவு அவரைத் துறைவரை வண்டிலில் கொண்டுபோய், முதல் பாதை வரும்வரை கரையில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

அந்தக் காலத்தில் பெத்தாவுக்குக் கைகொடுத்தது சிறிய வெள்ளைக் குளிசை. அது பிரெட்னிசொலோன் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். முட்டு வந்தால் அதைப் போடுவார். பிறகு வராமல் இருப்பதற்கும் போடுவார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்ல ஒழுங்கான கிளினிக்கும் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் பெத்தாவின் முகம் வீங்கி உருண்டையானது. தோல் மெலிந்தது. சீனி வருத்தம் வந்தது. முற்றத்தில் சும்மா சறுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்தது.

"ஸ்டீரொயிட்" என்ற சொல்லை அம்மா அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். ஆகவே கிளினிக்கில் மண்ணிறப் பம்பைக் கொடுத்து, "இது ஸ்டீரொயிட்" என்று சொன்னபோது, அம்மாவின் மனதில் வந்து நின்றது பெத்தாவின் முகம்.

பெத்தாவுக்கு நடந்தது உண்மை. நீண்டகாலம் விழுங்கிய ஸ்டீரொயிட் குளிசை அப்படிச் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி, உள்ளிழுக்கும் பம்பும் அதையே செய்யுமா என்பது. அதற்கு முட்டு வரும்போது சுவாசக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வரும் நோயா இது?

ஆஸ்மா எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை ஏறத்தாழ மறுபக்கம். ஆஸ்மாவில் எதிர்ப்புச் சக்தி, அதாவது நிர்ப்பீடனத் தொகுதி, வேலை செய்யாமல் இருப்பதில்லை. தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத அளவுக்கு வேலை செய்கிறது.

சோதனைச் சாவடிகளோடு வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. ஒரு சாவடியில் நிற்கும் காவலாளி, போகிற வருகிற எல்லோரையும் எதிரியாகவே பார்க்கப் பழகிவிட்டார் என்று வையுங்கள். மீன் கூடையோடு வருபவரைக் கண்டாலும் அபாயச் சங்கு ஊதுகிறார். சங்கு கேட்டு ஆட்கள் வந்து குவிகிறார்கள். வீதி மறிக்கப்படுகிறது. வந்தவர் ஒன்றும் செய்யவில்லை. சேதம் முழுவதும் வந்து குவிந்தவர்களால்தான்.

சுவாசக் குழாயின் உட்சுவர்தான் அந்தச் சாவடி. நெல் தூசி, ஈரச் சுவரில் வளரும் பங்கசு, மெத்தைக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள், கரப்பத்தான் பூச்சியின் எச்சம் என்பன அங்கே வந்து படும். பெரும்பாலானவர்களின் உடம்பு இவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆஸ்மா உள்ளவரின் உட்சுவர்க் கலங்கள் உடனே அபாயச் செய்தியாகச் சில புரதங்களை வெளிவிடும். அந்தச் செய்தி "டி" கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையைத் தூண்டும். அந்த "டி" கலங்கள் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று எண்ணால் அழைக்கப்படும் மூன்று கட்டளைகளை அனுப்பும்.

நான்காம் இலக்கக் கட்டளை, ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரியை உண்டாக்கச் சொல்லும். அது மாஸ்ட் கலங்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே தூசி வந்தால், மாஸ்ட் கலங்கள் வெடித்ததுபோல இரசாயனங்களைக் கொட்டும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். ஐந்தாம் கட்டளை இயோசினோபில்கள் எனப்படும் கலங்களை எலும்பு மச்சையில் இருந்து திரட்டிக்கொண்டு வரும். அவை புழுக்களைக் கொல்வதற்கு வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை எங்கள் குழாய்ச் சுவரிலேயே கொட்டும். பதின்மூன்றாம் கட்டளை சளியைக் கூட்டும்.

இப்படித் தசை இறுகி, சுவர் வீங்கி, சளி அடைக்கும்போது காற்றுப் போகும் வழி சுருங்கும். காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கூடக் கஷ்டம். அந்த ஒடுங்கிய வழியால் காற்று வெளியேறும் சத்தத்தைத்தான் நாங்கள் இழுப்பு என்கிறோம்.

நிர்ப்பீடனத் தொகுதியில் அடக்கி வைக்கும் கலங்களும் உண்டு. ஒழுங்குபடுத்தும் "டி" கலங்கள் என்று பெயர். "விடு, இவன் ஆபத்தானவன் இல்லை" என்று சொல்வது அவற்றின் வேலை. ஆஸ்மா உள்ள பலரில் இந்தக் கலங்களின் சொல் எடுபடுவதில்லை.

நீலம் செய்வதும் மண்ணிறம் செய்வதும்

நீலப் பம்பில் இருப்பது சல்பியூட்டமோல். அது குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை செய்யும். நாலைந்து மணித்தியாலம் நிற்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதில்லை. இயோசினோபில்கள் அங்கேயே இருக்கும். மறிப்பு நடக்கும் வீதியைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டு, குவிந்த ஆட்களை அப்படியே விட்டுவிட்டுப் போவது போன்றது.

மண்ணிறப் பம்பில் பெரும்பாலும் இருப்பது பெக்லோமெதசோன். இது சங்கை நிறுத்தும் மருந்து.

ஸ்டீரொயிட் என்பது வெளியில் இருந்து வந்த புதுமையான பொருள் அல்ல. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல இருக்கும் அதிரீனல் சுரப்பி ஒவ்வொரு நாளும் கோர்ட்டிசோல் என்ற ஸ்டீரொயிட் ஓமோனைச் சுரக்கிறது. நிர்ப்பீடனத் தொகுதி அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. இந்தச் சுரப்பியின் ஓமோன்களைக் கண்டறிந்து ஆராய்ந்ததற்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் என்ற மூவருக்கு 1950 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதலில் குளிசையும் ஊசியும்தான் வந்தன. அவை ஆஸ்மாவில் உயிர்களைக் காத்தன. பெத்தாவுக்கு வந்தது போன்ற பக்க விளைவுகளையும் கொண்டுவந்தன. மருந்தை உடம்பு முழுக்க அனுப்பாமல் சுவாசக் குழாய்க்கு மட்டும் அனுப்ப முடியாதா என்ற கேள்விக்கு விடையாக, 1972 அளவில் பெக்லோமெதசோன் பம்ப் பிரித்தானியாவில் பாவனைக்கு வந்தது. பெத்தாவுக்கு முட்டு வந்த காலத்தில் உலகில் இந்தப் பம்ப் இருந்தது. எங்கள் கரைக்குத்தான் அது வரவில்லை.

உள்ளிழுத்த மருந்து குழாய்ச் சுவரின் கலங்களுக்குள் நேரடியாக நுழைந்துவிடும். அங்கே அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு வாங்கிப் புரதம் காத்திருக்கிறது. மருந்தும் வாங்கியும் சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போகும். கருவுக்குள் டி.என்.ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களில் நூல்பந்துபோலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அபாயம் என்று உடம்பு நினைக்கும்போது, அழற்சிக்கான மரபணுக்கள் உள்ள இடத்தில் அந்த நூல் அவிழ்ந்து, கட்டளைகள் எழுதப்படத் தொடங்கும். ஸ்டீரொயிட் அங்கே ஒரு நொதியத்தை அழைத்துவந்து, அவிழ்ந்த நூலைத் திரும்பச் சுற்றிவிடுகிறது. இன்டர்லூக்கின் கட்டளைகள் எழுதப்படுவது குறைகிறது.

கட்டளை நின்றால் மற்றவையும் ஒவ்வொன்றாக அடங்கும். கட்டளை இல்லாத இயோசினோபில்கள் தாமாகவே இறந்துபோகும். சுவரில் உள்ள மாஸ்ட் கலங்களின் எண்ணிக்கை குறையும். இரத்தக் குழாய்களில் இருந்து கசியும் நீர் குறைந்து வீக்கம் வற்றும். அடக்கி வைக்கும் "டி" கலங்கள் தங்கள் குரலைத் திரும்பப் பெறுவதற்கும் ஸ்டீரொயிட் உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னுமொன்றும் நடக்கும். நீலப் பம்ப் மருந்து போய் ஒட்டும் வாங்கிகளை ஸ்டீரொயிட் அதிகரிக்கச் செய்யும். அளவுக்கு மீறி நீலத்தை மட்டும் அடித்தால் அந்த வாங்கிகள் குறைந்து, நீலமே வேலை செய்யாமல் போகத் தொடங்கும்.

அம்மாவின் இரண்டாவது காரணத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. மண்ணிறம் அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அது தசையைத் தளர்த்துவதில்லை. மரபணுக் கட்டளைகளை மாற்றி, பழைய கலங்கள் இறந்து, வீக்கம் வற்றுவதற்குச் சில நாட்களில் இருந்து சில வாரங்கள் எடுக்கும். சுகம் தெரிவதும் மெதுவாக, ஒரு இல்லாமையாகத்தான். இரவில் எழும்பவில்லை, நீலம் தேவைப்படவில்லை என்பதைப் பிறகுதான் உணர்வோம்.

அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி குறையுமா?

மண்ணிறப் பம்ப் குழாய்க்குள் இருக்கும் அழற்சியைக் குறைக்கிறது. அதுதான் அதன் வேலை. வழமையான குறைந்த அளவில் முழு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அது வீழ்த்துவதில்லை.

அளவைப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்குக் குறைந்த அளவு பெக்லோமெதசோன் என்பது ஒரு நாளைக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை. கடுமையான முட்டுக்கு வைத்தியசாலையில் கொடுக்கும் பிரெட்னிசொலோன் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் நிறையை மட்டும் வைத்து முழுமையாக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று குழாய்ச் சுவரில் தெளிப்பது, மற்றது இரத்தத்தோடு உடம்பு முழுவதும் ஓடுவது.

பக்க விளைவு இல்லை என்று சொன்னால் அது பொய். மருந்தில் ஒரு பகுதி தொண்டையில் படியும். அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குறைவதால் நாக்கில், தொண்டையில் வெள்ளையாகப் பங்கசு பிடிக்கலாம். குரல் கரகரக்கலாம். அடித்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் இது பெரும்பாலும் வராது. கூடிய அளவில் பல ஆண்டுகள் பாவிப்பவர்களுக்கு எலும்பு, கண், அதிரீனல் சுரப்பி ஆகியவற்றில் பாதிப்பு வரும் சாத்தியம் உண்டு. அதனால்தான் வைத்தியர்கள் நோய் கட்டுப்பட்டதும் அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். முன்பு சயரோகம் வந்தவர்களும் சீனி வருத்தம் உள்ளவர்களும் அதைக் கிளினிக்கில் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் வளர்ச்சி பற்றித் தாய்மார் பயப்படுவது நியாயம். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுவரையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய ஆய்வின் நீண்டகால முடிவு 2012 இல் வெளியானது. நாலு முதல் ஆறு ஆண்டுகள் உள்ளிழுக்கும் பியூடெசொனைட் பாவித்த பிள்ளைகள், வளர்ந்த பிறகு மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் உயரம் குறைவாக இருந்தார்கள். ஒரு விரலின் அகலத்துக்கும் குறைவு. கட்டுப்படாத ஆஸ்மாவும் பிள்ளையின் தூக்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் வளர்ச்சியையும் பாதிக்கும் என்பதை மறுதட்டில் வைத்துத்தான் இதை நிறுக்க வேண்டும்.

மிகப் பெரிய முரண் இதுதான். ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து மண்ணிறப் பம்பை விடுகிறவர், கடைசியில் கூடுதலான ஸ்டீரொயிட்டைத்தான் எடுக்கிறார். கட்டுப்படாத நோய் ஆண்டுக்கு மூன்று நாலு தடவை வார்ட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே ஒவ்வொரு தடவையும் குளிசையும் ஊசியும். பெத்தாவின் எலும்பைத் தின்றது அதுதான். பம்பை ஒழுங்காகப் பாவிப்பது அந்தக் குளிசையில் இருந்து தப்புவதற்கான வழி.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

2000 ஆம் ஆண்டில் வெளியான கனடிய ஆய்வு ஒன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆஸ்மாவால் இறந்தவர்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்தது. ஓர் ஆண்டில் கூடுதலாகப் பாவித்த ஒவ்வொரு ஸ்டீரொயிட் பம்புக்கும் மரண ஆபத்து 21 வீதம் குறைந்திருந்தது. நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் ஆபத்து கூடியிருந்தது. பிரித்தானியாவில் 195 ஆஸ்மா மரணங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட அறிக்கையில் இன்னொரு பக்கம் தெரிந்தது. நீலம் போன்ற நிவாரணப் பம்ப் பாவித்து வந்தவர்களில் 39 வீதமானோருக்கு, இறப்பதற்கு முந்தைய ஆண்டில் 12 க்கும் மேற்பட்ட நிவாரணப் பம்புகள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன.

இவற்றின் தொடர்ச்சியாக, ஆஸ்மா சிகிச்சைக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஜினா வழிகாட்டி 2019 இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. வளர்ந்தவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்றது. நோய் இலேசாக இருந்தாலும் ஏதோ ஒரு வடிவில் உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் சேர வேண்டும்.

ஆனால் இந்த மருந்து நோயை வேரோடு எடுப்பதில்லை. மேலே சொன்ன அமெரிக்கப் பிள்ளைகளில், மருந்தை நிறுத்திய பிறகு அதன் பயனும் நின்றுபோனது. "இது எதிரி" என்று ஒருமுறை பதிந்த நினைவு நிர்ப்பீடனத் தொகுதியில் அப்படியே இருக்கிறது. ஸ்டீரொயிட் அதை அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. அதனால்தான் சுகமாக இருக்கும் நாளிலும் அடிக்கச் சொல்கிறார்கள்.

புகையும் போரும்

சிலருக்கு ஒழுங்காக அடித்தும் போதிய பலன் கிடைப்பதில்லை. புகைபிடிக்கும் ஆஸ்மா நோயாளிகளில் உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட்டின் வேலை குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகை, நூலைத் திரும்பச் சுற்றும் அந்த நொதியத்தைப் பலவீனப்படுத்துகிறது. அதோடு நியூத்திரோபில் என்ற வேறு வகைக் கலங்களைக் கொண்டுவருகிறது. அவற்றை ஸ்டீரொயிட் அவ்வளவாக அடக்குவதில்லை. விறகடுப்புப் புகையும் சுவாசக் குழாயைத் தூண்டும். அடுப்படியில் யன்னல் திறந்திருப்பதும், முட்டு உள்ளவர் வைக்கோல் எரிக்கும் பக்கம் போகாமல் இருப்பதும் மருந்துக்குச் செய்யும் உதவி. 2022 டிசம்பரில் இலங்கை முழுவதும் காற்று மாசடைந்து பாடசாலைகளை மூட நேர்ந்த நாட்களில், வாசலுக்கு வந்தாலே அம்மாவுக்கு மூச்சு இறுகியது.

மற்றது மனம். 2007 இல் படுவான்கரையில் இருந்து இடம்பெயர்ந்தபோது அம்மாவின் முட்டு மோசமானது. கூடாரத் தூசியால் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் மில்லர், சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. நீண்டகால நெருக்கடிக்குள் வாழ்ந்துகொண்டு, அதன் மேல் ஒரு திடீர் அதிர்ச்சியையும் சந்தித்த ஆஸ்மாப் பிள்ளைகளின் வெண்குருதிக் கலங்களில், ஸ்டீரொயிட் போய்ச் சேரும் வாங்கிக்கான மரபணுச் செயற்பாடு வெகுவாகக் குறைந்திருந்தது. நீல மருந்து சேரும் வாங்கிக்கும் அப்படியே. அதாவது உடம்பின் சொந்தக் கோர்ட்டிசோல் சொல்வதையும், நாங்கள் கொடுக்கும் மருந்து சொல்வதையும் கலங்கள் சரியாகக் கேட்காமல் போகலாம்.

அது சிறிய ஆய்வு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் செய்ததும் அல்ல. ஆனாலும் ஷெல் சத்தத்தில் வளர்ந்து, காணாமல் போனவரைத் தேடிக்கொண்டு, கடனோடு வாழும் ஒரு தாயிடம் "உனக்கு நரம்புத் தளர்ச்சி, சும்மா பயப்படுறாய்" என்று சொல்லி முட்டைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு அது போதும். மனப் பாரம் முட்டைக் கற்பனையாக்குவதில்லை. உண்மையான முட்டை இன்னும் கடுமையாக்கலாம். தூக்கமின்மை, திடுக்கிடல், பழைய நினைவுகள் என்பவற்றையும் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதற்கான சிகிச்சையும் மூச்சுக்கான சிகிச்சையோடு சேர்ந்ததுதான்.

வீட்டில் செய்யக் கூடியவை

அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பம்ப் அடித்துக் காட்டச் சொன்னார்கள். அம்மா நீலத்தை அடித்த விதத்திலேயே பாதி மருந்து வாயில் படிந்தது தெரிந்தது. தாதி ஒருவர் பொறுமையாகக் காட்டித் தந்தார். குலுக்க வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். மெதுவாக ஆழமாக இழுக்கத் தொடங்கும்போதே அமத்த வேண்டும். இழுத்ததைப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும்.

கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்பேசர் எனப்படும் இடைக்குழாய் நல்லது. கடையில் வாங்க வசதி இல்லையென்றால் அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டுச் செய்யலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளில் செய்து 1999 இல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்த போத்தல் வழமையான ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. செய்த போத்தலைக் கிளினிக்கில் காட்டி, சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்புக்குப் பதிலாகத் தூள் அடங்கிய கப்சூல் கிடைத்தவர்கள் அதை விழுங்கக் கூடாது. அது கருவியில் போட்டு இழுப்பதற்கானது. தூளுக்கு மெதுவாக அல்ல, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும்.

நீலம் எத்தனை முறை தேவைப்படுகிறது என்று எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் என்றாலோ, இரவில் மூச்சு முட்டி எழும்பினாலோ, நோய் கட்டுப்பாட்டில் இல்லை. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கத் தேவையில்லை. பேச ஒரு வசனம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நீலப் பம்ப் அடித்தும் குறையாவிட்டால், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இப்போது பாலம் இருக்கிறது.

கட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து மண்ணிறத்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. குறைப்பது வைத்தியரோடு பேசி, படிப்படியாக. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலரும் இருந்ததைத் தள்ளித் தள்ளிப் பாவித்தார்கள். அப்படி ஒரு நிலை திரும்ப வந்தால், தாமாக விடாமல் கிளினிக்கில் மாற்று மருந்து கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் இருக்கிறது. அதைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

அம்மா இப்போது மண்ணிறத்தைப் பல் துலக்கும் இடத்தில் வைத்திருக்கிறார். காலையும் இரவும் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்கிறார். மூன்றாவது வாரம் தொலைபேசியில் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"ராவைக்கு எழும்பல்ல மகள்" என்றார். பிறகு, எனக்காக அல்லாமல் தனக்காகவே சொல்வதுபோல, "முகம் வீங்கல்ல. கண்ணாடி பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்."

பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பெத்தாவுக்கு நடந்ததைக் கண்டவருக்கு அந்த உரிமை இருக்கிறது.